மாணவரைப் பேசவைக்கும் பயிற்சி: ஒரு மதிப்புரை

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கென்று நடத்தப்படும் பங்கேற்புக் கற்பித்தல் பயிற்சி ஒன்றை, ஒரு பருவம் முழுவதும் வழக்கமான வகுப்புகளை நடத்திக்கொண்டே, அண்மையில் முடித்தேன். சில நேரடி அமர்வுகள், சில இணையவழி அமர்வுகள், சேர்ந்தவர் ஒவ்வொருவரும் நடத்திக் காட்டவேண்டிய மாதிரிப் பாடம், அதன்பின் பயிற்றுநர் ஒருவர் நம்முடைய வகுப்புக்கே வந்து பின்வரிசையில் அமர்ந்து கவனித்துக் கருத்துச் சொல்வது என்று அதை அமைத்திருந்தார்கள். நடத்திய நிறுவனத்தின் பெயரை இங்கே தரவில்லை. ஏறத்தாழ இதே வார்ப்பில் பலரும் பயிற்சி தருகிறார்கள் என்பதால், இப்படிப்பட்ட பயிற்சியில் எந்தப் பகுதி வகுப்பறையில் பயன்படுகிறது, எந்தப் பகுதி வெறும் ஆரவாரம் என்று பிரித்துக் காட்டுவதே சேர நினைப்பவர்களுக்கு உதவும்.

அறிவிப்பில் அவர்கள் தந்த முதன்மையான வாக்குறுதி, மாணவர்களின் ஊக்கத்தை உயர்த்திக் காட்டுவோம் என்பது. அதனால் அந்த அளவுகோலைக் கொண்டே இதை மதிப்பிடுகிறேன். வருகைப்பதிவுக்காக மட்டும் வந்து உட்கார்பவர், தேர்வில் வருமா என்பதைத் தவிர வேறு கேள்வியே கேட்காதவர், கேட்க நினைத்தும் வாய் திறக்கத் தயங்குபவர் என்று எல்லோரும் கலந்திருக்கும் ஒரு வகுப்பில், இந்தப் பயிற்சிக்குப் பிறகு என்ன மாறும்? வினாக்களை உருவாக்கக் கற்றுத்தந்த பகுதியாலும், நம் வகுப்பை வந்து பார்த்துப் பேசிய பகுதியாலும் நிறையவே மாறும். புள்ளிகளையும் போட்டிகளையும் நம்பிய பகுதியால் சில வாரங்களுக்குக் கலகலப்பு மட்டுமே கூடும்.

முதல் அமர்வை ஆய்வுச் சான்றுகளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அது சரியான தொடக்கம். விரிவுரையிலேயே பழகிய ஆசிரியர்களிடம் வெறும் உற்சாகப் பேச்சு எடுபடாது. 2014ஆம் ஆண்டில் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வை அவர்கள் முன்வைத்தார்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடாகவும், மாணவர்கள் பங்கேற்ற வகுப்புகளில் 21.8 விழுக்காடாகவும் இருந்தது. தேர்வு மதிப்பெண்ணில் சராசரியாக 6 விழுக்காடு முன்னேற்றம் தெரிந்தது. 50 பேருக்கு உட்பட்ட சிறிய வகுப்புகளில்தான் பலன் மிகுதி என்று அதே ஆய்வு சொல்வதையும் அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள். விற்பனைக்காக எதையும் மிகைப்படுத்தாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நேர்மை அடுத்த அரைமணி நேரம்கூட நிலைக்கவில்லை. படிப்பதில் 10 விழுக்காடு, கேட்பதில் 20 விழுக்காடு, பிறருக்குக் கற்பிப்பதில் 90 விழுக்காடு நினைவில் நிற்கும் என்று காட்டும் அந்தப் புகழ்பெற்ற முக்கோணப் படம் திரையில் வந்தது. ஆசிரியர் பயிற்சி எங்கே நடந்தாலும் இந்தப் படம் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறது. எட்கர் டேல் 1946இல் வரைந்த அனுபவக் கூம்பில் எண்கள் எவையும் இல்லை. அது கற்பித்தல் சாதனங்களை நேரடி அனுபவத்திலிருந்து சொற்குறியீடு வரை வகைப்படுத்திக் காட்டிய படம், அவ்வளவுதான். பத்துப் பத்தாக ஏறும் இந்த விழுக்காடுகளைப் பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தார்கள். நினைவாற்றலை அளந்த எந்த ஆய்வும் இப்படி வழவழப்பான முழு எண்களைத் தந்ததில்லை. உடன் வந்திருந்த புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் இதற்கு ஆதாரம் என்னவென்று எழுந்து கேட்டபோது, பயிற்றுநர் சிரித்துச் சமாளித்து அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். கேள்வி கேட்கும் மாணவரை வளர்ப்பது எப்படி என்று கற்றுத்தர வந்த இடத்திலேயே கேள்வி கேட்டவருக்குக் கிடைத்த மரியாதை அது. நல்ல சான்று கையில் இருக்கும்போது போலியான எண்களைத் துணைக்கு அழைப்பது, நம்ப வந்தவர்களையும் சந்தேகப்பட வைத்துவிடும்.

வினா உருவாக்கும் அமர்வுகளுக்கு வருகிறேன். இந்தப் பயிற்சியின் உயிர்நாடி அதுதான். எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து ஹார்வர்டில் தம் இயற்பியல் வகுப்புகளில் வளர்த்தெடுத்த சகமாணவர் கற்பித்தல் முறையை இங்கே அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். பயிற்றுநர் எங்களை மாணவர்களாகவே உட்காரவைத்து, எல்லோரும் பள்ளியிலேயே படித்த நியூட்டனின் மூன்றாம் விதியிலிருந்து ஒரு வினாவைத் திரையில் போட்டார். கனமான லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. மோதும் கணத்தில் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது? யாரும் யாருடனும் பேசக்கூடாது, தனியாக யோசித்து விடையைத் தெரிவு செய்யவேண்டும் என்றார். அறையில் இருந்தவர்கள் அனைவரும் முதுகலைக்கு மேல் படித்தவர்கள். இருந்தும் லாரி என்று விடையளித்தவர்கள் கணிசமாகவே இருந்தார்கள். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று அவர்களில் யாரைக் கேட்டாலும் தூக்கத்திலும் ஒப்பித்திருப்பார்கள்.

அதன்பின் அவர் செய்ததுதான் பாடம். யார் எதற்கு வாக்களித்தார்கள் என்ற முடிவை அவர் உடனே திரையில் காட்டவில்லை. காட்டினால் பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பிறகு விவாதிக்க ஒன்றுமே மிஞ்சாது. தன் விடையிலிருந்து மாறுபட்ட விடையைச் சொல்லும் ஒருவரைத் தேடிப்பிடித்து அவரை ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி நடந்தார். அறை இரைச்சலாயிற்று. என் பக்கத்தில் இருந்த பொருளியல் ஆசிரியர், விசை சமமென்றால் கார் மட்டும் ஏன் நொறுங்குகிறது என்று மடக்கினார். விசை சமம்தான், நிறை குறைவாக இருப்பதால் காரின் முடுக்கம் அதிகம் என்று அவருக்கு விளக்கப் புகுந்த வேதியியல் ஆசிரியர், பாதி வாக்கியத்தில் நின்று, தாம் சொல்வது சரிதானா என்று தாமே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாம் முறை வாக்களித்தபோது விடைகள் பெருமளவில் ஒருபக்கமாகச் சாய்ந்தன. அதற்கும் பிறகுதான் பயிற்றுநர் விளக்கம் கொடுத்தார். அந்த விளக்கத்தை அறையே காதுகொடுத்துக் கேட்டது. ஒவ்வொருவரும் ஏற்கெனவே ஒரு நிலைப்பாட்டை எடுத்திருந்தார்கள் அல்லவா, அது சரியா தவறா என்று தெரிந்தாகவேண்டியிருந்தது.

ஊக்கம் பற்றி இந்தப் பயிற்சி கற்றுத்தந்த உருப்படியான செய்தி இதற்குள்தான் இருக்கிறது. ஒரு கேள்விக்குத் தன் விடையைப் பதிவு செய்துவிட்ட மாணவருக்கு அதன் முடிவை அறிந்துகொள்ளவேண்டும் என்ற தவிப்பு வந்துவிடுகிறது. அதை வெளியிலிருந்து ஊட்டவேண்டியதில்லை. ஆனால் கேள்வி அதற்குத் தகுந்ததாக இருக்கவேண்டும். முதல் வாக்கெடுப்பில் சரியான விடை சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் விவாதத்துக்கு விடலாம். அதற்குக் கீழே போனால் பாடத்தை மறுபடி விளக்கவேண்டும். மேலே போனால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம் என்பது இந்த முறையின் நடைமுறை விதி. அந்த இடைவெளிக்குள் விழும் வினாவை எழுதுவது எளிதான காரியமன்று. வரையறையை ஒப்பிக்கச் சொல்லும் வினாவுக்கு எல்லோரும் விடை சொல்லிவிடுவார்கள், நீண்ட கணக்கைப் போட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். மாணவர்கள் வழக்கமாக எங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை விடைத்தாள்களிலிருந்து பொறுக்கி எடுத்து, அந்தத் தவறுகளையே பிற தெரிவுகளாக அமைக்கச் சொல்லிப் பழக்கினார்கள். என் பழைய விடைத்தாள் கட்டுகள் திருத்தி முடித்த பிறகும் எனக்குப் பயன்பட்டது அப்போதுதான்.

விவாதத்தில் நன்றாகப் படிப்பவர் சொன்னதை மற்றவர்கள் அப்படியே நகலெடுத்துவிடமாட்டார்களா என்ற ஐயம் எங்களில் பலருக்கும் இருந்தது. இதற்குப் பயிற்றுநர் நல்ல விடையே கொடுத்தார். 2009இல் மிஷெல் ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் மரபியல் வகுப்பொன்றில் இதைச் சோதித்தார்கள். விவாதம் முடிந்ததும், அதே கருத்தைச் சோதிக்கும் வேறொரு வினாவைத் தனியாக விடையளிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். விடைகள் முன்னேறியிருந்தன. தொடக்கத்தில் குழுவில் ஒருவருக்குமே சரியான விடை தெரியாதிருந்த நிலையிலும் விவாதித்தவர்களுக்குப் புரிதல் கூடியிருந்தது என்பதுதான் அவர்களுடைய முக்கியமான முடிவு. இந்த ஆய்வை வெறும் தகவலாகச் சொல்லிவிட்டுப் போகாமல், நாங்கள் எழுதிய வினா ஒவ்வொன்றுக்கும் இணைவினா ஒன்றையும் எழுதவைத்தார்கள். வீட்டுப்பாடம் கடுமைதான், என்றாலும் கொடுத்த கட்டணத்துக்கு ஈடான பகுதி அது.

மாதிரிப் பாட அமர்வு எனக்குப் பிடிக்காமல் தொடங்கிப் பிடித்து முடிந்தது. நாம் நடத்துவதைப் பதிவு செய்து, அந்தக் காணொளியை எல்லோர் முன்னிலையிலும் ஓடவிட்டு, இடையிடையே நிறுத்திப் பேசினார்கள். எங்களில் பெரும்பாலோருக்குச் சுட்டிக்காட்டப்பட்டது ஒரே குறை: வினாவைக் கேட்டவுடனேயே விடையையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். மேரி பட் ரோ பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் வினா கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 விநாடியாக நீட்டினாலே விடைகள் நீளமாகவும் காரணங்களோடும் வருகின்றன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். பல்கலைக்கழக வகுப்பிலும் இது அப்படியே பொருந்துவதைக் காணொளியில் கண்கூடாகப் பார்த்தோம். மொழியியல் ஆசிரியர் ஒருவர் வினாவைக் கேட்டுவிட்டு, சுண்ணக்கட்டியை மேசையில் வைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறையை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்க்கப் பழகிக்கொண்டார். அந்தப் பார்வை முடியும் நேரத்துக்குள் யாராவது ஒருவர் பேசிவிடுகிறார். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத இந்த ஒரு பழக்கத்துக்காகவே மாதிரிப் பாட அமர்வை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்.

அடுத்து, விளம்பரங்கள் சொல்லாத ஒரு விஷயத்தைப் பயிற்சி தொட்டது. போதிய அளவு தொடவில்லை என்பது என் குறை. பங்கேற்புக் கற்பித்தலை மாணவர்கள் எப்போதும் விரும்புவதில்லை. தெளிவாகப் பேசும் ஒருவரின் விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது போன்ற நிறைவு கிடைக்கிறது. தானே தடுமாறி யோசிக்கும்போதோ எதுவும் புரியாதது போன்ற எரிச்சல்தான் மிஞ்சுகிறது. 2019இல் லூயி டெலோரியேயும் உடன் ஆய்வாளர்களும் ஹார்வர்டின் தொடக்கநிலை இயற்பியல் வகுப்புகளில் இதை அளந்து பார்த்தார்கள். பங்கேற்பு முறையில் படித்தவர்கள் தேர்வில் மேம்பட்டிருந்தார்கள். தாங்கள் கற்றது குறைவு என்றே அவர்கள் கருதினார்கள். இதை எதிர்கொள்ள, பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் இந்த உண்மையை எடுத்துச் சொல்லி, தடுமாற்றம் கற்றலின் அடையாளம் என்று விளக்கிவிடவேண்டும் என்பதே அந்த ஆய்வாளர்களின் அறிவுரை. எங்கள் பயிற்சியில் இது ஒரே ஒரு ஸ்லைடில் வந்து போயிற்று.

ஆசிரியர்கள் இந்த முறையைக் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பருவ நடுவில் மாணவர்கள் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தில், ஆசிரியர் பாடம் நடத்துவதே இல்லை, எங்களையே பேசச் சொல்கிறார் என்ற வரி வந்தவுடன், குறிப்பாகப் பணி நிரந்தரமாகாத இளம் ஆசிரியர்கள், அடுத்த வாரமே பழையபடி விரிவுரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. அந்தப் படிவத்தை வைத்துத்தான் துறைத்தலைவர் அவர்களை மதிப்பிடுகிறார். பயிற்சி நடத்துகிறவர்கள் இதற்கென்று ஓர் அமர்வையே ஒதுக்கி, முதல் வகுப்பில் மாணவர்களிடம் என்ன சொல்லவேண்டும், எதிர்ப்பு வரும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது, துறைத்தலைவரிடம் எப்படி விளக்குவது என்றெல்லாம் ஒத்திகை பார்த்திருக்கவேண்டும். அந்த நேரத்தை அவர்கள் எதற்குச் செலவிட்டார்கள் என்பதுதான் என் முதன்மையான மனக்குறை.

புள்ளிகள், பதக்கங்கள், தரவரிசைப் பலகை. செயலி ஒன்றைத் திறந்து, பின்னணி இசை ஒலிக்க, கைப்பேசியில் வேகமாகத் தட்டுபவருக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும் விநாடிவினாக்களை எப்படி அமைப்பது என்று நீண்ட அமர்வுகளை நடத்தினார்கள். இதுதான் ஊக்கமளிக்கும் பகுதி என்பது அவர்கள் கருத்து. அறையில் சிரிப்பும் கைதட்டலும் இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் முந்தைய அமர்வில் வினா கேட்டபின் காத்திருங்கள் என்று கற்றுத்தந்தவர்கள், இங்கே விநாடிகளைத் துரத்தும் கடிகாரத்தைத் திரையில் ஓடவிட்டார்கள். நிதானமாக யோசிப்பவரும், பயிற்றுமொழியில் சற்றுத் தடுமாறுபவரும், பழைய கைப்பேசி வைத்திருப்பவரும் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். யாருக்கு ஊக்கம் மிகவும் தேவையோ அவருடைய பெயரையே எல்லோர் கண்ணிலும் படும்படி கடைசியில் காட்டுவது என்ன வகை ஊக்கமூட்டல் என்று எனக்கு விளங்கவில்லை.

இதில் ஆய்வுகளும் அவர்கள் பக்கம் இல்லை. எட்வர்ட் டெசி 1971இலேயே கல்லூரி மாணவர்களிடம் சோமா புதிர்க்கட்டைகளைக் கொடுத்துச் சோதித்தார். புதிரை அவிழ்த்ததற்குப் பணம் பெற்றவர்கள், பணம் நின்றவுடன் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. பின்னர் 1999இல் அவரும் ரிச்சர்ட் கோஸ்ட்னரும் ரிச்சர்ட் ரயனும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்துப் பெறும் பொருள்வகைப் பரிசுகள், ஏற்கெனவே ஆர்வம் தரும் வேலைகளில் அக ஊக்கத்தைக் குறைப்பதையே கண்டார்கள். செய்த வேலையின் தரத்தைச் சுட்டும் சொல்வழிப் பாராட்டு கல்லூரி மாணவர்களிடம் அந்த ஊக்கத்தைக் கூட்டியது. புள்ளியும் பணமும் ஒன்றல்ல என்று பயிற்றுநர் வாதிடலாம். ஆனால் அந்தப் புள்ளிகளை உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணோடு இணைத்துவிடுங்கள் என்று அவரே பரிந்துரைத்தபோது அந்த வாதமும் வலுவிழந்துவிட்டது. என் வகுப்பில் விநாடிவினாவைப் புள்ளிகளோடு நடத்திய வாரங்களில், வினா முடிந்தவுடன் எழுந்த கேள்வி ஏன் இந்த விடை என்பதாக இல்லை. எனக்கு எத்தனை புள்ளி என்பதாகவே இருந்தது. கடிகாரத்தையும் பெயர்ப்பட்டியலையும் நீக்கிவிட்டு, அதே செயலியைப் பெயர் தெரியாத வாக்கெடுப்புக்கு மட்டும் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு உரையாடல் மீண்டது. கருவி நல்ல கருவிதான். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று கற்றுத்தந்த விதத்தில்தான் பிழை.

டெசியும் ரயனும் வளர்த்த தன்முடிவுக் கோட்பாட்டைப் பயிற்சிக் கையேடு மூன்று பத்திகளில் அறிமுகப்படுத்துகிறது. தன் விருப்பப்படி தெரிவு செய்யும் உரிமை, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு உள்ள பிணைப்பு ஆகிய மூன்றும் நிறைவேறும்போது அக ஊக்கம் தழைக்கும் என்பது அதன் சாரம். கையேட்டில் இருந்த இந்த மூன்று பத்திகளை அமர்வுகளில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சகமாணவர் விவாதம் ஏன் பலன் தருகிறது, தரவரிசைப் பலகை ஏன் புண்படுத்துகிறது என்ற இரண்டுக்குமே விடை அங்கேதான் இருந்தது.

குழுப்பணி பற்றிய அமர்வுகள் நடுத்தரம். எலியட் ஆரன்சன் 1971இல் உருவாக்கிய ஜிக்சா முறையைச் செய்துகாட்டினார்கள். பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, குழுவில் ஒவ்வொருவரும் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்று, அதே பகுதியைப் பெற்ற பிற குழுவினரோடு சேர்ந்து தேர்ச்சி பெற்றுவந்து, தம் குழுவுக்குக் கற்பிக்கவேண்டும். ஒருவர் இல்லாவிட்டால் குழுவுக்கே அந்தப் பகுதி கிடைக்காது என்பதால் எல்லோரும் உழைத்தாகவேண்டும் என்பது இதன் தந்திரம். பள்ளிக்கென்று பிறந்த முறை. ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்கவேண்டிய முதுகலை வகுப்புக்கு அருமையாகப் பொருந்துகிறது, முன்தயாரிப்பு இல்லாமல் வரும் பெரிய இளங்கலை வகுப்பில் தள்ளாடுகிறது. லாரி மைக்கேல்சன் 1970களின் இறுதியில் தம் வகுப்பு பெரிதானபோது உருவாக்கிய குழுவழிக் கற்றல் இதற்கு மாற்றாக இருந்திருக்கும். மாணவர் முதலில் தனியாகச் சிறு தேர்வு எழுதி, உடனே அதே வினாக்களைக் குழுவாக விவாதித்து மறுபடி எழுதுவதும், குழுவின் விடை தவறென்று அறிவிக்கப்பட்டால் காரணம் காட்டி முறையிடும் உரிமை இருப்பதும் அதன் சிறப்பு. முறையிடுவதற்காகவே மாணவர்கள் பாடநூலைப் புரட்டுகிறார்கள். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்காதது வியப்பாக இருந்தது. குழுவில் ஒருவர் உழைக்க மற்றவர்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பழைய நோய்க்கு என்ன மருந்து என்று கேட்டவர்களுக்கு, குழுவைச் சிறிதாக வையுங்கள் என்ற விடையோடு முடித்துக்கொண்டார்கள்.

இணையதளம், கையேடு, சான்றிதழ் ஆகியவை குறித்துச் சொல்ல அதிகமில்லை. காணொளிகள் தடையின்றி ஓடின. கையேட்டின் மொழி பல இடங்களில் கரடுமுரடாக இருந்தது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இயற்பியலிலிருந்தே வந்ததால் வரலாறு, சட்டம், இலக்கியம் கற்பிப்பவர்கள் தாங்களே மாற்றி எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு சாட்சிகளின் முரண்பட்ட வாக்குமூலங்களை வைத்துச் சட்ட ஆசிரியர் ஒருவர் அமைத்த வாக்கெடுப்பு வினா, கையேட்டில் இருந்த எல்லாவற்றையும்விடச் சுவையாக இருந்தது. அடுத்த பதிப்பில் அதை அனுமதியோடு சேர்த்துக்கொண்டால் நல்லது.

பாடத்திட்டத்தை முடிக்கவேண்டுமே என்ற கவலைக்கும் அவர்கள் தந்த தீர்வு பாதிதான் உதவியது. சில பகுதிகளை வீட்டில் படித்துவரச் சொல்லிவிட்டு வகுப்பு நேரத்தை விவாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது சரியான அறிவுரை. படித்துவராதவர்களை என்ன செய்வது என்பதுதான் ஆசிரியருக்கு உள்ள சிக்கல். வகுப்புக்கு முன் இரண்டு மூன்று வினாக்களுக்கு இணையத்தில் விடை எழுதவைத்து, அதில் ஒரு வினா எது புரியவில்லை என்பதாக இருக்கட்டும் என்று வகுப்பைப் பார்க்க வந்த பயிற்றுநர் தனிப்பட்ட முறையில் சொன்னார். இதை ஒரு பருவம் கடைப்பிடித்துப் பார்த்ததில், மாணவர்கள் எழுதும் அந்தப் புரியாத இடங்களையே மறுநாள் வகுப்பின் வினாக்களாக ஆக்க முடிந்தது. தாம் எழுதியது திரையில் வந்ததைக் கண்ட மாணவர் அடுத்த முறை இன்னும் கவனமாக எழுதினார். ஊக்கம் உயர்வதை நான் கண்கூடாகக் கண்ட இடங்களில் இதுவும் ஒன்று. பொது அமர்வில் சொல்லியிருக்கவேண்டிய இந்த யோசனை, என் வகுப்புக்கு அவர் வந்த காரணத்தால் மட்டுமே எனக்குக் கிடைத்தது.

வகுப்புக்கு வந்து பார்க்கும் அந்த ஏற்பாட்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வந்தவர் மதிப்பெண் போடவில்லை, துறைக்கு அறிக்கை அனுப்பவில்லை. நான் எத்தனை நிமிடங்கள் பேசினேன், மாணவர்கள் எத்தனை நிமிடங்கள் பேசினார்கள், எந்த வரிசையிலிருந்து விடைகள் வந்தன என்று வகுப்பறை வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார். இடப்பக்கத்துப் பின்வரிசைகள் ஒரு குறிகூட இல்லாமல் வெறுமையாக இருந்தன. நான் வலப்பக்கத்துக் கதவோரமாகவே நின்று பேசுகிறேன் என்பதை அந்தத் தாள் சொன்னது; அடுத்த வகுப்பில் நடுவழியாக நடந்து பின்னால் போய் நின்று வினா கேட்டபோது, அதுவரை குரலே கேட்டிராத இரண்டு மாணவிகள் விடை சொன்னார்கள். எத்தனை காணொளிகளைப் பார்த்தாலும் இதைப் பெறமுடியாது.

ஆகவே, இப்படிப்பட்ட பயிற்சியில் சேரும் முன் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வினா எழுதும் பயிற்சிக்கும் மாதிரிப் பாடத்துக்கும் பாதி நேரமாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்றும், உங்கள் துறையிலிருந்து எடுத்துக்காட்டுகள் உண்டா என்றும் பாருங்கள். வகுப்பறைப் பார்வை கட்டணத்திலேயே அடங்குமா, கூடுதலாகக் கேட்கிறார்களா என்று எழுத்துமூலம் உறுதி செய்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் இணையவழியில் மட்டும் பதிவு செய்த சிலருக்கு அது கிடைக்கவில்லை, கேட்டதற்கு அறிவிப்பின் அடியில் சிறிய எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள். அந்தப் பார்வை இல்லாத பதிப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். இருக்கிற பதிப்பில் சேர்பவர்கள், விநாடிவினாச் செயலி அமர்வுகள் நடக்கும் நேரத்தில் தங்கள் பழைய விடைத்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு நான்கு நல்ல வினாக்களை எழுதிவிடலாம். வருகைப்பதிவை அமர்வின் தொடக்கத்திலேயே எடுத்துவிடுகிறார்கள்.